புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வுக்கான பொது அறிவியல் வசதிகள்: டெல்டா மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களைச் சேர்ந்த மருத்துவ மாணவர்களும், அரசு மருத்துவமனை மருத்துவர்களும், பல்கலைக்கழக ஆய்வாளர்களும், சில வேளைகளில் நோயாளிகளின் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒருசேர எழுதியிருக்கிறேன். நோய்க்குறியியல் (பேத்தாலஜி) ஆய்வகத்தில் பல ஆண்டுகள் திசு மாதிரிகளைக் கையாண்டவள் என்பதால், மாதிரியைப் பற்றிய பதில்கள் நீண்டும் மற்றவை சுருங்கியும் இருக்கும்.

பொது அறிவியல் வசதி என்பது எதைக் குறிக்கிறது?

பல ஆய்வுக்குழுக்களுக்குத் தேவைப்படும், ஆனால் எந்த ஒரு குழுவும் தனியாக வைத்துப் பராமரிக்க முடியாத கருவிகளையும், அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்களையும், அவர்களுடைய அனுபவத்தையும் ஒரே இடத்தில் வைத்து எல்லோருக்கும் முறைப்படி வழங்கும் ஏற்பாட்டையே பொது வசதி என்கிறோம். புராஸ்டேட் புற்றுநோயைப் பொறுத்தவரை இதில் திசு வங்கி, நோய்க்குறியியல் பிரிவு, செல் வளர்ப்புப் பிரிவு, மரபணு வரிசையறியும் பிரிவு, உயிரிப் புள்ளியியல் பிரிவு, விலங்கு ஆய்வுக்கூடம் ஆகியவை அடங்கும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1992-இல் தொடங்கிய 'ஸ்போர்' என்னும் திட்டத்தில், ஒவ்வோர் உறுப்பின் புற்றுநோய்க்கும் அமைக்கப்பட்ட ஆய்வுத் தொகுப்புகள் தங்களுக்கென்று திசு மாதிரிப் பிரிவையும் புள்ளியியல் பிரிவையும் வைத்துக்கொண்டு இயங்குகின்றன. நம் நாட்டில் இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து நடத்தும் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கியும், புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் களஞ்சியமும் இவ்வகையில் நாடு முழுவதற்குமான பொது வசதிகள்.

ஒவ்வொரு கல்லூரியும் தனக்கு வேண்டிய கருவியைத் தானே வாங்கிக்கொண்டால் என்ன?

வாங்கலாம், ஆனால் வாங்கியது ஓடாது. மானியம் வந்த ஆண்டில் கருவி வந்து இறங்குகிறது. அதை இயக்கக் கற்றுக்கொண்ட ஆய்வு மாணவர் முனைவர் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான தொகையை அடுத்த ஆண்டு யாரும் ஒதுக்குவதில்லை, மூன்றாம் ஆண்டில் கருவியின்மேல் துணி போர்த்தப்படுகிறது. அப்படிப் போர்த்தப்பட்ட கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கசந்திருக்கிறது.

நம் ஊரில் ஒரு வாய்க்காலில் நாற்பது பேருக்கு நிலம் இருந்தால் நாற்பது வாய்க்கால் வெட்டுவதில்லை. முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்கிறோம். அந்த முறையைக் காக்க நீர்ப்பாய்ச்சி என்று ஒருவரை வைத்து, அறுவடையில் அவருக்குப் பங்கும் அளந்தோம். கரையைச் செப்பனிடக் குடிமராமத்து இருந்தது. பொது வசதியில் கருவி என்பது வாய்க்கால்தான். நிரந்தரப் பணியில் இருக்கும் தொழில்நுட்பரும், எழுதி வைக்கப்பட்ட முறையும், பராமரிப்புக்கென்று தனியாக ஒதுக்கிய பணமும் இல்லாவிட்டால் அந்த வாய்க்காலில் நீர் ஓடாது.

மற்றப் புற்றுநோய்களைவிடப் புராஸ்டேட்டுக்கு இது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது?

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் சிறிய உறுப்பு. அதில் தோன்றும் புற்று பெரும்பாலும் ஒரே இடத்தில் கட்டியாகத் திரள்வதில்லை. ஒரே சுரப்பியில் இரண்டு மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று மரபணு அளவில் உறவில்லாமல்கூடத் தோன்றக்கூடும். அவற்றுக்கிடையே நல்ல சுரப்பிகளும், முதுமையில் வரும் சாதாரண வீக்கத்தின் திசுவும் கலந்து கிடக்கும். மார்பகக் கட்டியை வெட்டினால் கண்ணுக்குத் தெரியும். புராஸ்டேட்டை வெட்டினால் எது புற்று, எது வீக்கம் என்று அனுபவமுள்ள கண்ணுக்கும் பல வேளைகளில் தெரியாது. ஊசியால் குத்தித் திசு எடுக்கும் பயாப்ஸியில் கிடைப்பதோ நூல் போன்ற மெல்லிய இழைகள். ஆகவே 'புற்றுத் திசு' என்று எழுதி அனுப்பப்படும் குழாயில் உண்மையிலேயே புற்று இருக்கிறதா என்று ஒரு நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்யாதவரை, அதன் பிறகு எத்தனை விலையுயர்ந்த கருவியில் செலுத்தினாலும் வரும் விடைக்குப் பொருள் கிடையாது.

இரண்டாவது காரணம் காலம். இந்த நோய் பலரிடம் மெல்லவே வளர்கிறது. இன்று எடுத்த மாதிரியின் பொருள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று தெரியும்போதுதான் முழுமையடைகிறது. ஒரு மாணவரின் மூன்றாண்டு ஆய்வுக்காலத்துக்குள் அடங்காத இந்தக் காத்திருப்பை ஒரு நிறுவனத்தால் மட்டுமே ஏற்க முடியும்.

அறுவை அரங்கிலிருந்து மாதிரி வெளியே வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் இருக்கும் கேள்விகளில் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். தலைமடையில் கலங்கிய நீரைக் கடைமடையில் தெளிய வைக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். மாதிரியின் முதல் ஒரு மணி நேரம் அத்தகைய தலைமடை.

இரத்த ஓட்டம் நின்ற நொடியிலிருந்து திசு மாறத் தொடங்குகிறது. ஆர்.என்.ஏ. சிதைகிறது, செல்லுக்குள் செய்தி கடத்தும் பாஸ்பேட் ஏறிய புரதங்கள் நிமிடக் கணக்கில் மாறிவிடுகின்றன. ஆகவே சுரப்பி உடலிலிருந்து எடுக்கப்பட்ட நேரத்தையும், அது உறையவைக்கப்பட்ட அல்லது ஃபார்மலினில் இடப்பட்ட நேரத்தையும் தாளில் எழுத வேண்டும். இடைவெளி ஒரு மணி நேரத்துக்குள் இருப்பது நல்லது. கூடிப்போனாலும் அதை உள்ளபடி எழுதிவிட்டால் புள்ளியியலாளர் கணக்கில் கொள்வார். எழுதாமல் விட்ட நேரத்தை யாராலும் மீட்க முடியாது.

முழுச் சுரப்பி வரும்போது ஆய்வாளர் தானே கத்தியை எடுக்கக் கூடாது. முதலில் நோய்க்குறியியல் மருத்துவர் அதன் வெளிப்பரப்பில் மை பூச வேண்டும். புற்று வெட்டு விளிம்புவரை எட்டியிருக்கிறதா என்பது அந்த மையை வைத்தே தெரியும், நோயாளியின் அடுத்த சிகிச்சையும் அதைப் பொறுத்தே அமையும். அதன்பின் அவர் கொடுக்கும் துண்டைத்தான் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டைத் திரவ நைட்ரஜனில், அதாவது −196 டிகிரி செல்சியஸில், உடனே உறையவைத்து −80 டிகிரி உறைவிப்பானிலோ நைட்ரஜன் கலத்திலோ சேமிக்கிறார்கள். அதற்கு ஒட்டிய முகத்திலிருந்து ஒரு மெல்லிய சீவலை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்து, துண்டில் எவ்வளவு பங்கு புற்று என்று குறித்துவைப்பதும் திசு வங்கியின் வேலைதான்.

ஃபார்மலினில் இடுவதென்றால், நடுநிலைப்படுத்திய 10 விழுக்காட்டு ஃபார்மலின், திசுவின் கொள்ளளவைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். அது திசுவுக்குள் மெல்லத்தான் ஊடுருவும். முழுச் சுரப்பியை ஒரு சிறு டப்பாவில் அடைத்துச் சித்திரை வெயிலில் வைத்துவிட்டால், வெளிப்புறம் பதமாகி உட்புறம் அழுகிப்போகும். டி.யு.ஆர்.பி. என்னும் சிகிச்சையில் சுரண்டி எடுக்கப்படும் துணுக்குகள் நம் மருத்துவமனைகளில் மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆனால் மின்வெப்பத்தால் அவற்றின் ஓரங்கள் கருகியிருக்கும் என்பதால், நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

என் மாணவப் பருவத்தில் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். முப்பதுக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளில் சாதாரணப் பேனாவால் எண் எழுதி, சைலீன் என்னும் கரைப்பானில் நனைத்தேன். வெளியே எடுத்தபோது எண்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தகடுகள் அழகாகச் சாயமேறியிருந்தன. எது யாருடையது என்று மட்டும் தெரியவில்லை. முப்பது பேர் ஒப்புக்கொண்டு தந்த திசு அது. தகட்டின் சொரசொரப்பான ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும் என்பதை இன்றும் எல்லா மாணவர்களுக்கும் முதல் நாளே சொல்கிறேன்.

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ எடுக்கும் மாதிரியைத் தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு எப்படி அனுப்புவது?

பாரஃபின் மெழுகுக் கட்டியாக மாற்றப்பட்ட திசுவை அனுப்புவது எளிது. வெயில் படாமல் பொதிந்தால் போதும். உறைந்த மாதிரிக்கு உலர்பனி வேண்டும், அது எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. அந்த நிலையில் ஆர்.என்.ஏ.வை நிலைப்படுத்தும் திரவத்தில் சிறு துண்டை மூழ்கவைத்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. ஆனால் அந்தத் திரவம் 25 டிகிரியில் ஒரு வாரம் காக்கும், 37 டிகிரியில் ஒரு நாள்தான் காக்கும். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட செய்முறையில் 'அறை வெப்பநிலை' என்று இருப்பதை மே மாதத்துப் பேருந்து நிலையத்துக்குப் பொருத்திப் பார்க்காமல் பின்பற்றக் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தே அனுப்ப வேண்டும்.

இரத்த மாதிரிக்குக் கண்டிப்பு இன்னும் அதிகம். இரத்தத்தில் மிதக்கும் புற்று டி.என்.ஏ.வைத் தேடுவதானால், இரத்தம் உறையாமல் காக்கும் சாதாரண ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த இரத்தத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டி.என்.ஏ.வைக் கொட்டி, தேடுவதை மூழ்கடித்துவிடும். எனவே மாவட்ட மருத்துவமனையிலேயே சுழற்றிப் பிரிக்கும் ஏற்பாட்டைப் பொது வசதி செய்துதர வேண்டும். வேதாரண்யத்திலிருந்து ஒரு முதியவரைத் தஞ்சாவூருக்கு வரவழைத்து ஊசி குத்துவதைவிட அது சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

மின்சாரம் போனால்? புயல் வந்தால்?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், டெல்டாவின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் ஆனது. கதவைத் திறக்காத −80 டிகிரி உறைவிப்பான் சில மணி நேரம் தாங்கும், நாட்கள் தாங்காது. ஜெனரேட்டரும், அதற்கான டீசலும், வெப்பம் ஏறினால் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவியும் வேண்டும். அதோடு, ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை வேறு ஊரில் வைப்பது நல்ல காப்பு.

திரவ நைட்ரஜன் கலத்துக்கு மின்சாரமே தேவையில்லை. ஆவியாகிக் குறையும் அளவை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால் போதும். இது நமக்குப் புதிய தொழில்நுட்பமும் அன்று. தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டையில் உறைவிந்து நிலையம் இருக்கிறது. கிராமக் கால்நடை மருந்தகங்களில் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளை நைட்ரஜன் கலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பசுக்களுக்காகப் பல பத்தாண்டுகளாக ஒழுங்காக நடந்துவரும் அந்த விநியோக வழியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள மருத்துவத் துறையினர் தயங்க வேண்டியதில்லை.

எங்கள் மருத்துவமனையில் பழைய மெழுகுக் கட்டிகள் அலமாரி நிறைய இருக்கின்றன. அவை பயன்படுமா?

பயன்படும், அவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பழைய கட்டிகளில் டி.என்.ஏ. சிறு துண்டுகளாக நொறுங்கியிருக்கும் என்றாலும், சிறு துண்டுகளைப் படிக்கும் இக்கால முறைகளுக்கு அது பெரிய தடையன்று. நடுநிலைப்படுத்தாத ஃபார்மலினில் ஊறியவை மட்டும் ஏமாற்றும். முன்கூட்டியே சீவி வைத்த தகடுகளைவிடக் கட்டியாகவே வைத்திருப்பது நல்லது, ஏனெனில் சீவியபின் புரதங்கள் சாயம் ஏற்கும் தன்மையை மெல்ல இழக்கின்றன. ஒரு கட்டியை ஆய்வுக்காக முழுவதும் சீவித் தீர்த்துவிடவும் கூடாது; அந்த நோயாளிக்கே பின்னாளில் ஒரு பரிசோதனை தேவைப்படலாம்.

நோய்க்குறியியல் பொதுப் பிரிவு எங்களுக்காக வேறு என்ன செய்யும்?

கிளீசன் மதிப்பீட்டை மீண்டும் பார்க்கும். டொனால்ட் கிளீசன் 1966-இல் முன்வைத்த, சுரப்பிகளின் வடிவத்தைக் கொண்டு நோயின் வீரியத்தை அளக்கும் அந்த முறை, இப்போது 1 முதல் 5 வரையிலான தரத் தொகுதிகளாக எளிமையாக்கப்பட்டிருக்கிறது. ஒரே தகட்டை இரண்டு மருத்துவர்கள் வெவ்வேறாக மதிப்பிடுவது இயல்பு. ஆகவே ஐந்து மருத்துவமனைகளிலிருந்து வரும் தகடுகளை ஒரே குழு, நோயாளியின் முடிவு என்ன என்று அறியாமல், மறுபடி மதிப்பிட்டால்தான் ஆய்வு நிற்கும்.

திசு நுண்வரிசை என்பது இந்தப் பிரிவின் மற்றோர் அருமையான கொடை. நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கட்டிகளிலிருந்து 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஊசித் துண்டுகளைக் குத்தியெடுத்து, நாற்றங்காலில் நாற்று நட்டாற்போல் ஒரே மெழுகுக் கட்டியில் வரிசையாகப் பதிக்கும் இம்முறை 1998-இல் வெளியானது. ஒரே நாளில், ஒரே சாயத்தில், அத்தனை பேரின் திசுவையும் ஒப்பிடலாம். புராஸ்டேட்டில் புற்று பல இடங்களில் பலவிதமாக இருப்பதால் ஒருவரிடமிருந்து குறைந்தது மூன்று துண்டுகளேனும் எடுக்கும்படி கேளுங்கள்.

மூலிகைச் சாறு ஒன்றைப் பிசி-3 செல்களில் சோதிக்க விரும்புகிறோம். செல்களைத் தருவீர்களா?

இந்தக் கேள்வி நம் பகுதிக் கல்லூரிகளிலிருந்து மிகுதியாக வருவதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எந்தச் செல் எந்தக் கேள்விக்கு உரியது என்று பார்க்க வேண்டும். டியூ-145 மூளைக்குப் பரவிய புற்றிலிருந்தும், பிசி-3 எலும்புக்குப் பரவிய புற்றிலிருந்தும், எல்என்கேப் நிணநீர் முடிச்சுக்குப் பரவிய புற்றிலிருந்தும் 1970-களின் பிற்பகுதியில் பிரித்தெடுக்கப்பட்டவை. பிசி-3, டியூ-145 ஆகிய இரண்டும் ஆண் இயக்குநீரை (ஹார்மோனை) சார்ந்து வளர்வதில்லை, பி.எஸ்.ஏ. என்னும் புராஸ்டேட் புரதத்தையும் சுரப்பதில்லை. ஆனால் நோயாளிகளிடம் காணும் புராஸ்டேட் புற்றின் அடிப்படை இயல்பே ஆண் இயக்குநீரைச் சார்ந்து வளர்வதுதான். சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் அதைக் காட்டினார்; 1966-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். எனவே இயக்குநீரைத் தடுக்கும் ஒரு பொருளைப் பிசி-3-இல் மட்டும் சோதிப்பது, வாசலே இல்லாத சுவரில் பூட்டின் வலிமையைச் சோதிப்பதற்கு ஒப்பாகும். அதற்கு ஆண் இயக்குநீருக்கு இணங்கும் எல்என்கேப் அல்லது விகேப் செல் வேண்டும். ஒப்பீட்டுக்குப் புற்றில்லாத புராஸ்டேட் செல்லும் வேண்டும். எல்லாச் செல்லையும் ஒருசேரக் கொல்லும் சாறு மருந்தாகாது.

அடுத்தது, அந்தச் செல் அதுதானா என்பது. டி.எஸ்.யு-பிஆர்1 என்ற பெயரில் பல ஆய்வகங்கள் புராஸ்டேட் செல் என்று நம்பி வளர்த்துவந்த வரிசை, உண்மையில் சிறுநீர்ப்பைப் புற்றுக்குரிய டி-24 செல்லின் வழித்தோன்றல் என்று 2001-இல் டி.என்.ஏ. சோதனையால் நிறுவப்பட்டது. அதற்குமுன் அதை வைத்து எழுதப்பட்ட புராஸ்டேட் கட்டுரைகளின் கதி என்னவென்று எண்ணிப் பாருங்கள். நண்பரின் ஆய்வகத்திலிருந்து குடுவையில் வாங்கிவந்த செல்லை நம்பாதீர்கள். பொதுப் பிரிவு எஸ்.டி.ஆர். என்னும் டி.என்.ஏ. ஒப்பீட்டு முறையில் அடையாளம் உறுதி செய்து, நுண்ணோக்கியில் கண்ணுக்கே தெரியாத மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியின் தொற்று இல்லை என்று சோதித்து, எத்தனையாவது தலைமுறை என்று எழுதிக் கொடுக்கும். அந்தச் சான்றுக்காகக் காத்திருக்கும் இரண்டு வாரங்கள் வீணல்ல.

விலங்கு ஆய்வு வேண்டுமானால்?

எலிகளுக்கு இந்த நோய் இயல்பாக வருவது மிக அரிது என்பதால், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்த எலிகளில் மனிதப் புற்றுச் செல்களை வளர்த்தோ மரபணு மாற்றிய எலிகளைக் கொண்டோ ஆய்வு நடக்கிறது. மைய அரசின் விலங்கு ஆய்வுக் கண்காணிப்புக் குழுவில் பதிவு பெற்ற கூடத்தில், நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு மட்டுமே இதைச் செய்யலாம். செல் ஆய்வு தெளிவான விடை தராமல் விலங்குக்குப் போக வேண்டாம்.

புள்ளியியல் பிரிவை எப்போது அணுகுவது?

முதல் மாதிரியை எடுப்பதற்கு முன்பு. எல்லாம் முடிந்தபின் கோப்புடன் வருபவர்களே இன்னும் மிகுதி என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

ஒரு புரதம், வீரியம் குறைந்த புற்றில் 30 விழுக்காட்டினரிடமும் வீரியம் மிகுந்த புற்றில் 50 விழுக்காட்டினரிடமும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேறுபாட்டை 80 விழுக்காட்டு வாய்ப்போடு கண்டுபிடிக்க, வழக்கமான 5 விழுக்காட்டுப் பிழை வரம்பில், ஒவ்வொரு பக்கமும் 90-க்குச் சற்று மேற்பட்டவர்கள் வேண்டும். வேறுபாடு 40-க்கும் 50-க்கும் இடையில்தான் என்றால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 390 பேர் வேண்டும். பக்கத்துக்கு இருபது பேரை வைத்துக்கொண்டு 'வேறுபாடு இல்லை' என்று முடிவு கட்டும் ஆய்வேடு எதையும் நிறுவுவதில்லை. இந்தக் கணக்குதான், தஞ்சாவூரும் திருவாரூரும் திருச்சியும் தனித்தனியே ஆய்வு செய்வதைவிடச் சேர்ந்து செய்ய வேண்டியதன் காரணத்தை எந்தச் சுற்றறிக்கையைவிடவும் தெளிவாகச் சொல்கிறது.

அடுத்தது தொகுதிப் பிழை. நோயாளிகளின் மாதிரிகளைத் திங்கட்கிழமையும் நலமானவர்களின் மாதிரிகளைப் புதன்கிழமையும் கருவியில் ஓட்டினால், நீங்கள் காண்பது நோயின் வேறுபாடா கிழமையின் வேறுபாடா என்று பிரிக்க இயலாது. கலந்து, குலுக்கல் முறையில் வரிசைப்படுத்த வேண்டும்.

மூன்றாவது நம் மண்ணுக்கே உரியது. மேட்டூர் திறந்து நடவு தொடங்கினாலோ தை அறுவடை வந்தாலோ, தொடர்சிகிச்சைக்கு வர வேண்டிய விவசாயியும் விவசாயக் கூலியும் வருவதில்லை. 'வராதவர்' என்று அவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், மிஞ்சுவது மாதச் சம்பளக்காரர்களின் தரவு மட்டும்தான். வராதவர்களே பெரும்பாலும் ஏழைகள். நோய் முற்றியபின் வருபவர்களும் அவர்களே. ஆகவே தொடர்சந்திப்பின் நாட்களைச் சாகுபடிக் காலத்தைப் பார்த்து அமைக்கவும், வராதவரைத் தொலைபேசியிலோ கிராமச் சுகாதாரச் செவிலியர் வழியாகவோ தேடிப்போகவும் ஆய்வுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும்.

மரபணுத் தரவு உலக அளவில் இலவசமாகவே கிடைக்கிறதே, நாம் ஏன் புதிதாகச் சேகரிக்க வேண்டும்?

உண்மைதான். அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 333 புராஸ்டேட் புற்றுகளின் மரபணு விவரங்களை 2015-இல் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாணவர்கள் அதில் பயிற்சி எடுக்கவும் வேண்டும். ஆனால் அதில் நம்மவர்கள் அநேகமாக இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழுவினர் 2005-இல் கண்டறிந்த, இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும் மாற்றம் மேலை நாட்டு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருக்கிறது. கிழக்காசிய நோயாளிகளிடம் அதைவிடக் குறைவு. ஒரு மக்கள் கூட்டத்தில் கண்ட அளவை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு இதுவே சான்று. நெல் ரகத்தைக்கூட நம் வயலில் நட்டுப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்கிறோம்.

கட்டணம் உண்டா?

உண்டு. வேதிப்பொருளுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவே பெரும்பாலும் கட்டணமாகிறது. கல்வி நிறுவனங்களுக்குக் குறைவாகவும் தனியார் நிறுவனங்களுக்குக் கூடுதலாகவும் வைப்பது வழக்கம். எந்தக் கருவி எந்த நிறுவனத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு இருக்கிறது என்பதை மைய அரசின் ஐ-ஸ்டெம் இணையவாசலில் தேடலாம். ஆய்வு மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதே இத்தொகையைச் சேர்த்து எழுதுங்கள்.

என் அப்பாவுக்குப் புராஸ்டேட் அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது. எடுக்கும் சதையில் கொஞ்சத்தை ஆய்வுக்குத் தரக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

முடிவு உங்கள் அப்பாவுடையது. அவர் நினைவுத் தெளிவோடு இருக்கும்வரை மகனோ மகளோ அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட முடியாது. அவரிடம் தமிழில், அவருக்குப் புரியும் சொற்களில் விளக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், மருத்துவமனையைச் சேராத ஒரு சாட்சி உடனிருக்க, படிவத்தை முழுவதும் படித்துக் காட்டிய பிறகே கைரேகை பெற வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளின்படி இவற்றைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

ஆய்வுக்காகத் தனியாக எதையும் வெட்டுவதில்லை. சிகிச்சைக்காக எடுத்ததில், நோயறிதலுக்குப் போக மிஞ்சுவதையே கேட்கிறார்கள். மறுத்தால் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது. ஒப்புக்கொண்ட பிறகும் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். மீதமிருக்கும் மாதிரியை அழித்துவிடுவார்கள். குழாயில் அப்பாவின் பெயர் இருக்காது, ஓர் எண் மட்டுமே இருக்கும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பதிவேடு பூட்டிய இடத்தில், பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் இருக்கும். பணம் கிடைக்காது. அப்பாவின் நோய்க்கு இதனால் உடனடிப் பயன் ஏதும் வராது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிவு பெறுங்கள்: மரபணு ஆய்வில் குடும்பத்தைத் தொடும் செய்தி தெரிந்தால் சொல்வார்களா? பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுவில் பிறவியிலேயே பழுது இருந்தால், அது ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றையும் பெண்களுக்கு மார்பக, சூலகப் புற்றையும் வரவழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எனவே அப்பாவின் மாதிரியில் கண்டது அவர் மகளுக்கும் பேத்திக்கும் உதவக்கூடும். அத்தகைய பழுதுள்ள, முற்றிய புராஸ்டேட் புற்றுக்கு ஒலாபரிப் என்னும் மருந்தை அமெரிக்காவில் 2020-இல் ஏற்றுக்கொண்டார்கள். செய்தியை அறிய விருப்பமா இல்லையா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள்.

நானும் பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளட்டுமா?

அந்த இரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. ஆனால் சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும்கூட அளவு ஏறும், புற்று இருந்தும் ஏறாமல் இருப்பதும் உண்டு. சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதையும் இரவில் பலமுறை எழுவதையும் 'வயதானால் அப்படித்தான்' என்று பொறுத்துக்கொண்டு, எலும்பு வலி வந்தபின் முதன்முதலாக வரும் பெரியவர்களை ஏராளமாகப் பார்த்துவிட்டேன். தொந்தரவு இருந்தால் வெட்கப்படாமல் வாருங்கள்.

எங்கள் மருத்துவமனையில் இவற்றில் எதுவுமே இல்லை. நாளை காலை எதிலிருந்து தொடங்கலாம்?

அறுவை அரங்கின் வாசலில் ஒரு மேசையைப் போடுங்கள். அதன்மேல் நடுநிலைப்படுத்திய ஃபார்மலின் நிரப்பிய, அகன்ற வாயுள்ள பாட்டில்களை அடுக்குங்கள். கறுப்புப் பென்சில்கள் இரண்டு, வரிசை எண் அச்சிட்ட ஒரு பதிவேடு, அதில் 'எடுத்த நேரம்', 'இட்ட நேரம்' என்று இரண்டு கட்டங்கள். மேசைக்கு எதிரே சுவரில், சரியான நேரம் காட்டும் ஒரு கடிகாரம். அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பும் பொறுப்பை ஒரு செவிலியரிடம் பெயர் குறித்து ஒப்படைத்து, அவர் விடுப்பில் போகும் நாளுக்கு யார் என்பதையும் அன்றே எழுதிவையுங்கள்.